ஓர் எழுத்தும் ஓர் ஒட்டுப்படமும்: இலங்கைப் பயிற்சி விமானங்களின் கதை

வரலாற்றுச் சான்றுகளிலே மிகச் சிறியது எது என்று கேட்டால், நாணயம் என்பார்கள் சிலர். தபால்தலை என்பார்கள் வேறு சிலர். இவற்றைவிடச் சிறிய ஒன்றைப் பற்றி இன்று எழுதலாம் என்றிருக்கிறேன். மாதிரி விமானங்கள் செய்வோர் அவற்றின் இறக்கையிலும் உடலிலும் ஒட்டும் அடையாளப் படங்களே அவை. ஆங்கிலத்தில் டெக்கால் என்கிறார்கள். நம்முடைய சிறுவயதில் தண்ணீரில் நனைத்துப் புத்தக அட்டையில் ஒட்டினோமே பூவும் கிளியும், அவற்றின் நெருங்கிய உறவு இது. நான் இங்கே ஒட்டுப்படம் என்றே எழுதுகிறேன்.

ஒட்டுப்படத்தின் அமைப்பு எளிமையானது. உறிஞ்சும் தன்மையுள்ள தாளின் மேல் நீரிற் கரையும் பசை பூசப்பட்டிருக்கும். அதன் மேல் கண்ணாடி போன்ற மெல்லிய படலம். அந்தப் படலத்தின் மேல் முதலில் வெள்ளை மை, பிறகு மற்ற நிறங்கள். வெள்ளை மை அடியில் இல்லாவிட்டால் விமானத்தின் நிறம் மேலே தெரிந்து படம் மங்கிவிடும். வேண்டிய பகுதியை வெட்டி நீரில் இட்டுச் சிறிது பொறுத்தால் பசை இளகும். படலம் தாளிலிருந்து வழுக்கிக்கொண்டு வரும். பளபளப்பற்ற பரப்பின் மேல் ஒட்டினால் நுண்ணிய காற்றுக் குமிழ்கள் சிக்கி, படத்தின் ஓரமெங்கும் வெள்ளி பூத்தாற்போலத் தெரியும். ஆகவே முதலில் விமானத்துக்குப் பளபளப்பு வார்னிஷ் பூச வேண்டும். படம் ஒட்டி உலர்ந்த பின்னரே மங்கல் பூச்சு. பழைய தாள் மஞ்சளித்திருந்தால் யன்னற் கண்ணாடியில் ஒட்டிச் சில நாள் வெயில் படவிட்டு வெளுக்கச் செய்வதும் உண்டு.

மாதிரிப் பெட்டிக்குள்ளேயே ஒரு தாள் ஒட்டுப்படம் வரும். ஆனால் பெட்டியை விற்கும் நிறுவனம் பெரிய சந்தையை நோக்கியே தாளை அச்சிடும். பிரித்தானிய விமானம் என்றால் பிரித்தானிய விமானப்படையின் அடையாளம். மிஞ்சினால் இன்னொரு நாடு. அதே விமானத்தை வாங்கிப் பறக்கவிட்ட சிறிய நாடுகளின் அடையாளம் வேண்டுமென்றால் தனியே வாங்க வேண்டும். இத்தகைய தனித் தாள்களை அச்சிட்டு விற்பதற்கென்றே ஒரு சிறுதொழில் வளர்ந்திருக்கிறது. இங்கிலாந்தில் ஹானன்ட்ஸ் நிறுவனத்தின் எக்ஸ்ட்ராடெக்கால், அமெரிக்காவில் மைக்ரோஸ்கேல் போன்றவை பெயர்பெற்றவை. வீட்டு அறையில் இருந்தபடி நூறு தாள் அச்சிட்டு விற்றவர்களும் பலர். வெள்ளை மையை அச்சிடக்கூடிய அல்ப்ஸ் என்ற யப்பானிய அச்சுப்பொறி ஒரு காலத்தில் அவர்களுடைய உயிர்நாடியாக இருந்தது.

இந்தத் தொழிலிலே போர் விமானங்களுக்கு இணையாகப் பயிற்சி விமானங்களுக்கும் ஓர் இடமுண்டு. காரணம் எளிது. முன்னணிப் போர் விமானத்தை எல்லா நாடும் வாங்க முடியாது. விமானிகளைப் பழக்கும் விமானத்தை விமானப்படை வைத்திருக்கும் எந்த நாடும் வாங்கியே ஆக வேண்டும். சிப்மங்க் என்ற ஒரே சிறு விமானம் கனடாவிலே உருவாகி எத்தனையோ நாடுகளின் வட்டச் சின்னங்களைத் தாங்கியது. விமானம் ஒன்று, முகங்கள் பல. ஒட்டுப்படம் அச்சிடுபவருக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

இனி விடயத்துக்கு வருவோம்.

வலப்பனைப் பக்கத்துத் தோட்டமொன்றிலே பிறந்து வளர்ந்த இளைஞர் ஒருவர் எனக்கு எழுதியிருந்தார். ஏர்ஃபிக்ஸ் நிறுவனத்தின் பழைய ஜெட் புரோவோஸ்ட் பெட்டியொன்று, எழுபத்திரண்டில் ஒரு பங்கு அளவு, அவருக்குக் கைமாறி வந்திருக்கிறது. உள்ளே இருந்தவை பிரித்தானிய அடையாளங்கள். "நம் நாட்டு விமானமாகச் செய்ய விரும்புகிறேன் ஐயா. எந்த ஆண்டு விமானமாகச் செய்வது? எந்த எழுத்தை ஒட்டுவது?" என்பது அவருடைய கேள்வி.

பொழுதுபோக்குக் கேள்வி போலத் தோன்றுகிறது. இல்லை, வரலாற்றாசிரியன் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இது. ஏனென்றால் ஒட்டுப்படம் பொதுவாகப் பேச அனுமதிக்காது. 'இலங்கை விமானப்படை' என்று பொத்தாம்பொதுவாக ஒட்ட முடியாது. இந்த இலக்கம், இந்த நிறம், இந்த ஆண்டு, முடிந்தால் இந்த நாள் என்று தீர்மானித்த பிறகே கத்தரிக்கோலை எடுக்கலாம்.

அரச இலங்கை விமானப்படை 1951 மார்ச் 2ஆம் திகதி அமைக்கப்பட்டது. அதன் முதற் தளபதி பிரித்தானிய விமானப்படையிலிருந்து வந்த குரூப் கப்டன் பிளாடன். முதல் விமானங்களோ போர் விமானங்கள் அல்ல, சிப்மங்க் பயிற்சி விமானங்கள். எழுத்துப் பழகும் குழந்தையைப் போலவே ஒரு நாட்டின் விமானப்படையும் தொடங்கியது. அடுத்து வந்தது போல்டன் போல் நிறுவனத்தின் பாலியல் விமானம். ஒக்ஸ்ஃபோர்டிலுள்ள ஒரு கல்லூரியின் பெயர் அது. ஸ்பிட்ஃபயர் விமானத்தை இயக்கிய ரோல்ஸ் ரொய்ஸ் மெர்லின் இயந்திரக் குடும்பத்தைச் சேர்ந்த இயந்திரமே இதற்கும். பிரித்தானியாவுக்கு வெளியே இந்த விமானத்தை வாங்கிய ஒரே நாடு இலங்கை, வாங்கியவை 12. ஆகவே பாலியல் மாதிரி செய்பவர் பிரித்தானிய அடையாளம் வேண்டாமென்றால் அவருக்கு உள்ள ஒரே மாற்று இலங்கை அடையாளந்தான். உலக மாதிரிக் கலைஞர்களின் மேசையிலே நம்முடைய சிறு தீவுக்கு இப்படியொரு தனியிடம் இருப்பது பலருக்குத் தெரியாது. இரத்மலானை விமானப்படை அருங்காட்சியகத்தில் இன்றும் ஒரு பாலியல் நிற்கிறது.

1957இல் பிரித்தானியர் கட்டுநாயக்காவையும் சீனக்குடாவையும் கையளித்துச் சென்றனர். 1959இலிருந்து ஜெட் புரோவோஸ்ட் விமானங்கள் வரத் தொடங்கின. இவையும் 12, இலக்கங்கள் சீ.ஜே. 701 முதல் 712 வரை. இலங்கையின் முதல் ஜெட் விமானங்கள் இவையே.

இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. பிரித்தானிய விமானப்படை பயன்படுத்திய வகை டி.3. இலங்கை வாங்கியது டி.51. வெளித்தோற்றத்தில் இரட்டைப் பிள்ளைகள். இயந்திரத் துப்பாக்கியும் ரொக்கட்டும் குண்டும் பொருத்தக்கூடியது என்பதே வேறுபாடு. சூடானும் குவைத்தும் இந்த வகையையே வாங்கின. பணம் குறைந்த நாடுகளுக்காகவே செய்யப்பட்ட ஏற்பாடு இது. காலையில் மாணவனைப் பழக்கு, தேவையென்றால் மாலையில் சண்டைக்கு அனுப்பு! பெட்டியின் மேல் 'பயிற்சி விமானம்' என்று எழுதியிருப்பதை நம்பிவிடக் கூடாது என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

அந்தத் தேவை 1971 ஏப்ரலில் வந்தது. மக்கள் விடுதலை முன்னணியின் கிளர்ச்சி ஏப்ரல் 5ஆம் திகதி வெடித்தபோது ஜெட் புரோவோஸ்ட் விமானங்கள் சேவையிலிருந்து விலக்கப்பட்டுச் சீனக்குடாவிலே களஞ்சியப்படுத்தப்பட்டிருந்தன. அவசர அவசரமாக வெளியே எடுத்துச் சீர்செய்து பறக்கவிட்டார்கள். இலங்கை விமானப்படை தன் வரலாற்றில் முதன்முதலாகப் போரில் ஈடுபட்டது இந்தப் பயிற்சி விமானங்களோடுதான். சொந்த நாட்டு மண்ணில், சொந்த நாட்டு இளைஞர்கள் மீது. அந்த இளைஞர்களிற் பெரும்பாலோர் சிங்களக் கிராமங்களைச் சேர்ந்தவர்கள்.

நம்முடைய வாசகர்களிற் பலர் இதை மறந்துவிடுகிறார்கள் அல்லது அறிந்திருப்பதில்லை. வானத்திலிருந்து வந்த அச்சத்தைப் பற்றிய தமிழரின் நினைவு 1980களிலே தொடங்குகிறது. தெற்கிலே அது பதினான்கு ஆண்டுகள் முந்தியது. மலையகத்தின் நிலையோ இரண்டுக்கும் இடைப்பட்டது. அதே முன்னணியினர் நடத்திய ஐந்து வகுப்புகளில் ஒன்று 'இந்திய விஸ்தரிப்புவாதம்' பற்றியது. தோட்டத் தமிழரை அந்த விஸ்தரிப்பின் கருவியாகக் காட்டியது. கிளர்ச்சியாளரின் பாடத்திலும் இடமில்லை, அரசின் வாக்காளர் பட்டியலிலும் பெரும்பாலோருக்கு இடமில்லை என்ற நிலையிலேதான் 1971ஐ மலையக மக்கள் கடந்தனர்.

1972 மே 22ஆம் திகதி நாடு குடியரசாயிற்று. 'இலங்கை' என்பது தமிழில் எப்போதும் இருந்த பெயர்; ஆங்கிலத்திலேதான் சிலோன் என்பது ஸ்ரீலங்கா ஆயிற்று. விமானப்படையின் பெயரிலிருந்து 'அரச' என்ற அடைமொழி உதிர்ந்தது. தாள்கள் மாறின, முத்திரைகள் மாறின, கடிதத் தலைப்புகள் மாறின.

ஆனால் விமானத்தின் பக்கத்திலே ஓர் எழுத்து மாறவில்லை. இலக்கத்துக்கு முன்னால் நின்ற 'சீ' என்னும் ஆங்கில எழுத்து, சிலோனின் முதலெழுத்து, அப்படியே இருந்தது. 1972க்குப் பின் வாங்கிய விமானங்களுக்கும் ஹெலிகொப்டர்களுக்கும் அதே எழுத்திலேயே தொடங்கும் இலக்கங்களைக் கொடுத்தார்கள். போர் முழுவதையும் அந்தப் பழைய எழுத்துடனேயே நடத்தினார்கள். போர் முடிந்த பின்னரே 'எஸ்' என்ற எழுத்தில் தொடங்கும் வரிசை பரவலாக வந்தது. 2020 ஜனவரி 3ஆம் திகதி ஹப்புத்தளையில் வீழ்ந்து நால்வர் உயிரிழந்த வை-12 விமானத்தின் இலக்கம் அந்தப் புதிய வரிசையிலே அமைந்திருந்தது.

ஒட்டுப்படம் செய்பவருக்கு இது ஆண்டு கணிக்கும் ஒரு கருவி. கல்வெட்டறிஞர் எழுத்தின் வடிவத்தைக் கொண்டு நூற்றாண்டைக் கணிப்பது போல, இவர் முன்னெழுத்தைக் கொண்டு காலத்தைக் கணிக்கிறார்.

மலையகத்தவருக்கு அந்தச் 'சீ' புதியதல்ல. தொழிற்சாலையிலிருந்து இறங்கிய தேயிலைப் பெட்டிகளின் மேல் தோட்டத்தின் பெயரையும் தேயிலையின் தரத்தையும் நிறையையும் தகட்டு அச்சு வைத்து மையால் எழுதுவார்கள். ஒரு வகையில் அதுவும் ஒட்டுப்படத்தின் உறவே. பொருள் எங்கிருந்து வந்தது, எந்தத் தரத்தது என்று தூரத்து வாசகனுக்குச் சொல்லும் அடையாளம். நாடு ஸ்ரீலங்கா ஆன பின்னும் தேயிலை சிலோன் தேயிலையாகவே இருந்தது. இன்றும் சிங்கச் சின்னத்துடன் அந்தப் பெயரிலேயே விற்கப்படுகிறது. வானத்திலே விமானமும் கப்பலிலே தேயிலையும் பழைய பெயரைச் சுமந்து சென்றன.

அந்தத் தேயிலையைப் பறித்தவர்களுக்கோ அந்தப் பெயர் உரிமையாகவில்லை. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் அவர்களிற் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. விமானப்படை அமைந்த அதே 1951ஐ ஒட்டித்தான் தேசியக் கொடியும் இறுதி வடிவம் பெற்றது. தமிழருக்கென்று செம்மஞ்சள் பட்டை ஒன்று, முஸ்லிம்களுக்கென்று பச்சைப் பட்டை ஒன்று சேர்க்கப்பட்டன. கொடியிலே நிறம் இருந்தது, கையிலே பிரசாவுரிமைப் பத்திரம் இல்லை. 1964இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிய முடிவு பின்னுக்குத் தள்ளப்பட்டது. 2003ஆம் ஆண்டின் சட்டம் வரை இந்தக் கணக்கு முடியவில்லை. சிப்மங்கின் பக்கத்திலே 'சீ' என்று எழுதிய நாளில் வலப்பனையின் லயன்களிலே வாழ்ந்தவர்களிற் பலர் தம்மைச் சிலோன்காரர் என்று சட்டப்படி சொல்ல முடியாதவர்களாக இருந்தனர். அந்த மண்ணின் பேரனொருவர் இன்று அந்த எழுத்தைக் கவனமாக வெட்டி ஒட்டப் போகிறார் என்பது எனக்குச் சாதாரண விடயமாகத் தோன்றவில்லை.

அடுத்த கட்டம் 1985. சியாய் மார்க்கெட்டி என்ற இத்தாலிய நிறுவனத்தின் எஸ்.எஃப்.260 விமானங்கள் இலங்கைக்கு வந்தன. ஸ்டெலியோ ஃப்ராட்டி என்ற பொறியியலாளரின் வடிவமைப்பு. ஆசிரியரும் மாணவரும் அருகருகே அமரும் அழகான சிறு விமானம். சிங்கப்பூர் விமானப்படை இதே குடும்பத்து விமானத்தில் பல்லாண்டுகள் தன் இளம் விமானிகளைப் பழக்கியது. சிங்கப்பூர்த் தமிழர் ஒருவர் அதைப் பார்த்திருந்தால் பயிற்சி விமானம் என்றே நினைவு வைத்திருப்பார்.

யாழ்ப்பாணத்தவர் நினைவு வேறு. இறக்கையின் கீழே ஆயுதத்துடன் வந்த அந்த விமானத்துக்கு அவர்கள் வைத்த பெயர் 'சியாமாசெட்டி'. சியாய் மார்க்கெட்டி தமிழ் நாவிலே உருண்டு அப்படியாயிற்று. ஏதோ வணிகச் செட்டியாரின் பெயர் போல ஒலிக்கும் அந்தச் சொல்லைக் கேட்டதும் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு பதுங்குகுழிக்கு ஓடினார்கள். குண்டு போடும் விமானம் எதுவானாலும் 'பொம்மர்'; மெதுவாக முனகிக்கொண்டு வரும் சரக்கு விமானத்துக்குச் 'சகடை'. இவை எந்த விமானவியல் அகராதியிலும் இல்லாத வகைப்பாடுகள். ஆனால் மிகத் துல்லியமானவை. ஒலியைக் கேட்டே வகையைச் சொல்லும் திறமை பத்து வயதுப் பிள்ளைக்கும் இருந்தது.

அந்நாட்களில் செய்தி மேசையிலே என் முன்னால் இரண்டு வகைத் தாள்கள் கிடக்கும். ஒன்று கொழும்பிலிருந்து வந்த அறிக்கை. அதிலே 'விமானப்படை விமானங்கள்' என்று மட்டும் இருக்கும். மற்றது வடக்கிலிருந்து எப்படியோ கைமாறி வந்த கடிதம். அதிலே 'சியாமாசெட்டி இரண்டு முறை சுற்றியது' என்றிருக்கும். முதலாவதில் வகை இல்லை, இலக்கம் இல்லை. இரண்டாவதில் வகை உண்டு, எத்தனை சுற்று என்ற எண்ணிக்கை உண்டு, பெரும்பாலும் நேரமும் உண்டு. எது சிறந்த சான்று என்று எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டியிருக்கவில்லை.

கதை இத்துடன் முடியவில்லை. 2007 மார்ச் 26ஆம் திகதி விடுதலைப் புலிகள் கட்டுநாயக்கா விமானப்படைத் தளத்தின் மீது வானிலிருந்து குண்டு வீசியபோது அவர்கள் பயன்படுத்தியது செக் நாட்டின் ஸ்லின் 143. அதுவும் பயிற்சிக்கும் உல்லாசப் பயணத்துக்கும் செய்யப்பட்ட நான்கு இருக்கை விமானமே. அதே ஆண்டு அக்டோபர் 22ஆம் திகதி அநுராதபுரத் தளத்தைத் தாக்கியபோது அழிந்தவற்றில் விமானப்படையின் பி.டி.-6, கே-8 பயிற்சி விமானங்களும் இருந்தன. பயிற்சி விமானத்தால் பயிற்சி விமானங்களைத் தாக்கிய போர் இது. இரு தரப்பிலும் கருவி ஒன்றே, அடையாளம் மட்டும் வேறு. 2009 பெப்ரவரி 20ஆம் திகதி இரவு புலிகளின் இறுதி இரண்டு விமானங்களும் கொழும்புப் பகுதியில் வீழ்ந்தன. ஒன்று இறைவரித் திணைக்களக் கட்டடத்தில் மோதியது, மற்றது கட்டுநாயக்கா அருகே சுட்டு வீழ்த்தப்பட்டது.

இத்தனை கனத்தையும் ஒரு பிளாஸ்டிக் பொம்மை தாங்குமா? தாங்கும் என்றே நினைக்கிறேன். எழுபத்திரண்டில் ஒரு பங்கு அளவில் ஜெட் புரோவோஸ்ட் இறக்கையின் நீளம் முழுவதும் ஏறத்தாழ 16 சென்டிமீட்டர். உண்மையில் 61 சென்டிமீட்டர் அகலமுள்ள வட்டச் சின்னம் இங்கே எட்டரை மில்லிமீட்டர். 20 சென்டிமீட்டர் உயரமுள்ள எழுத்து மூன்று மில்லிமீட்டருக்கும் குறைவு; ஓர் அரிசியின் பாதி. அந்தப் பாதி அரிசியில் 'சீ' இருக்கிறதா 'எஸ்' இருக்கிறதா என்பதிலே ஒரு நாட்டின் அரசியல் வரலாறு அடங்கியிருக்கிறது.

'இந்த விமானத்தை ஏன் செய்கிறாய்?' என்று அந்த இளைஞரின் நண்பர்கள் கேட்கிறார்களாம். கேட்கத்தான் செய்வார்கள். என் கருத்து இது: துல்லியமாகச் செய்வது புகழ்வதாகாது. அடையாளத்தை மழுப்புவதிலேதான் ஆபத்து இருக்கிறது. 1960ஆம் ஆண்டு விமானமாகச் செய்தால் அது ஒரு புதிய நாட்டின் மாணவப் பருவம். 1971 ஏப்ரலாகச் செய்தால் இறக்கையின் கீழே ரொக்கட்டுகளையும் வைத்தே ஆக வேண்டும். வைக்காமல் விடுவது பொய். எதைச் செய்தாலும் அடித்தட்டிலே ஆண்டை எழுத வேண்டும். அப்படி எழுதிய மாதிரி ஒரு வாக்குமூலம். எழுதாத மாதிரி ஓர் அலங்காரப் பொருள் மட்டுமே.

தாளை எங்கே அச்சிடுவது என்பதற்கும் மலையகத்திலேயே ஒரு முன்மாதிரி இருக்கிறது. மாத்தளையிலுள்ள நொரிடாக்கே பீங்கான் தொழிற்சாலை 1972இல் தொடங்கியது. பீங்கான் தொழிலிலே தேநீர்க் கோப்பைக்குப் பூவேலை வருவது பெரும்பாலும் நீரில் வழுக்கும் ஒட்டுப்படத்தாலேயே. கையால் நகர்த்தி, நீரைத் துடைத்தெடுத்து, சூளையில் சுட்டு நிலைநிறுத்துகிறார்கள். பதினெட்டாம் நூற்றாண்டு இங்கிலாந்திலே படத்தைத் தாளிலிருந்து பீங்கானுக்கு மாற்றும் கலை வளர்ந்ததற்குத் தேநீர்ப் பழக்கமும் ஒரு காரணம். ஆக, தேயிலை மலைகளுக்கு ஒட்டுப்படம் அந்நியக் கலையல்ல.

குறைவாக இருப்பது கலையல்ல, சான்று. தொழில்முறையில் அச்சிடுபவரும் புகைப்படத்தைப் பார்த்தே அச்சிடுகிறார். அருங்காட்சியகத்து விமானம் பலமுறை மீள நிறம் பூசப்பட்டிருக்கலாம். அதை மட்டும் நம்ப முடியாது. கட்டுநாயக்காவிலும் சீனக்குடாவிலும் இரத்மலானையிலும் எத்தனையோ தமிழர் தொழில்நுட்பவியலாளராகவும் எழுதுவினைஞராகவும் பணியாற்றினார்கள். கனடாவிலும் இலண்டனிலும் அவுஸ்திரேலியாவிலும் அவர்களுடைய பிள்ளைகளின் வீட்டு அலுமாரிகளிலே, ஏதோவொரு விமானத்தின் முன்னால் அப்பா நிற்கும் கறுப்புவெள்ளைப் படமொன்று இருக்கக்கூடும். நாம் அப்பாவின் முகத்தையே பார்த்திருப்போம். அவருடைய தோளுக்குப் பின்னால் பாருங்கள். ஓர் எழுத்தும் சில இலக்கங்களும் தெரியலாம். படத்தின் பின்புறத்திலே இடத்தையும் ஆண்டையும் பென்சிலால் எழுதி வையுங்கள். எழுதத் தெரிந்தவர்கள் இருக்கும்போதே எழுதிவிட வேண்டிய செய்தி அது.